மந்திரித்த ரீசேட்

தாழ்வுபாடு
16.06.2024

அன்பின் மதுஷிகா,

அம்மாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. அப்பா சுகம், நானும் சுகம். அந்த மலைக்குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா? கன்னியர் மடத்தில் கம்பளி தருவார்களா, நாங்கள் அனுப்ப வேண்டுமா?

ஒரு செய்தி. உயர்தர முடிவு வந்துவிட்டது. இரண்டாம் தடவை எழுதியது வீண்போகவில்லை. கம்பஸ் கிடைக்கும் என்கிறார்கள். அநேகமாக வந்தாறுமூலைப் பல்கலைக்கழகம். அம்மாவிடம் சொன்னேன். அடுப்பைப் பார்த்தபடி, "அப்பாவுக்கு ஆறுதலாச் சொல்லு" என்றார். ஆறுதலாக என்றால் எப்போது என்று சொல்லவில்லை.

காலையில் கடற்கரை. ஓட்டம், தண்டால், பிறகு இடுப்பளவு தண்ணீரில் நடை. விசில் என் கழுத்தில். பிள்ளைகள் "கோச்" என்கிறார்கள். யாரும் எனக்குக் கற்பிக்காத தொழில்.

பிள்ளைகள் போடும் இந்த வருட ரீசேட் வந்துவிட்டது. மஞ்சள். நெஞ்சில் தம்பியின் அதே படம், எட்டாம் தரத்தில் கழுத்தில் ரை கட்டி எடுத்தது. கீழே 'றொசாந்தன் ஞாபகார்த்த இளைஞர் உடல்வலு நிதியம்'. அப்பா கட்டுகளை இறக்கிய கையோடு கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பாதரைக் கொண்டு மந்திரிப்பித்தார். ஒவ்வொரு வருடமும்போல. பாதர் சிரித்துக்கொண்டு தீர்த்தம் தெளித்தார். ரீசேட்டுக்குத் தீர்த்தம் தெளிக்கிற ஊர் வேறெங்காவது இருக்குமா தெரியாது.

உன்னிடம் ஒரு உதவி. அப்பா உன் சொல்லைக் கேட்பார். நான் சொல்லும்போது, என்னைப் படிக்க விடச்சொல்லி அவருக்கு ஒரு கடிதம் எழுது. அவ்வளவுதான்.

உனக்காகச் சொல்லும் செபமாலையில் நானும் இருக்கிறேன், பாதி நித்திரையில்.

அண்ணா
நிறோஜன்


ஹற்றன்
03.07.2024

அன்பின் அண்ணாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவின் முழங்காலுக்கு அந்த எண்ணெயை விடாமல் பூசச் சொல்லுங்கள்.

நவசந்நியாசப் பயிற்சி வருடம் முடியும்வரை எங்களுக்குத் தொலைபேசி இல்லை. வரும் கடிதங்களை மதர் முதலில் வாசித்துவிட்டுத் தருவார். நாங்கள் எழுதுவதையும் வாசிப்பார். அது ஒழுங்கு. நான் சுருக்கமாக எழுதினால் குறை நினைக்கவேண்டாம். உங்கள் முடிவைப் பார்த்து மதரும் வாழ்த்துச் சொல்லச் சொன்னார்.

கம்பளி தந்திருக்கிறார்கள். பிறகு, அப்பா ஒரு கட்டு ரீசேட் அனுப்பியிருந்தார். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லி. கொடுத்தோம். இப்போது காலையில் யன்னலைத் திறந்தால் தேயிலைக்கு நடுவால் தம்பி ஏறி வருகிறான். பல பேராக. பள்ளிக்கூடத்துக்குப் போகிறான், தண்ணீர் எடுக்கிறான், சண்டை பிடிக்கிறான். நான் யன்னலைச் சாத்துவதில்லை. சாத்தினால் ஏன் என்று கேட்பார்கள்.

என்னுடைய கட்டில் இன்னும் யன்னல் பக்கம்தானே கிடக்கிறது? சும்மா கேட்டேன்.

எல்லோருக்கும் என் அன்பு. அம்மாவுக்குக் கொஞ்சம் கூட.

தங்கச்சி
மதுஷிகா


தாழ்வுபாடு
30.07.2024

அன்பின் மதுஷிகா,

சோளகக் காற்றுப் பிடித்துவிட்டது. வீடு முழுக்க மணல், சோற்றிலும் மணல். அது தவிர எல்லோரும் சுகம். உன் கட்டில் அங்கேதான் கிடக்கிறது. மேலே மிச்ச ரீசேட் கட்டுகளை அடுக்கியிருக்கிறோம்.

ஞாயிறு தம்பியின் நாள். ஓட்டப்போட்டி முடிந்து மேடை. அறிவிப்பாளர் பட்டினத்துப் பெடியன், புதியவன். தாளில் இருந்ததை விட்டுவிட்டு, வழக்கத்தில் "அமரர் றொசாந்தன்" என்று தொடங்கினான். அப்பா எழும்பிப் போய் மைக்கை வாங்கி, "செல்வன் றொசாந்தன்" என்று திருத்தினார். கோபமில்லாமல், எழுத்துப்பிழை திருத்துகிற மாதிரி. பிறகு மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"என்ரை பிள்ளைக்கு நீந்தத் தெரியும். நங்கூரம் போட்ட வள்ளத்தைத் தொட்டிட்டு வாறன் எண்டு போனவன். நீச்சல் குறையேல்லை. கையிலைதான் வலு காணேல்லை. இந்தக் கரையிலை இனி ஒரு பிள்ளைக்கும் வலு காணாமல் போகக் கூடாது."

நான்கு வருடமாக இதே சொற்கள். முன்வரிசைப் பிள்ளைகள் கூடவே முணுமுணுத்தார்கள். சிரிக்க முடியாது, ஏனென்றால் அதே பிள்ளைகள் இப்போது உண்மையாகவே வள்ளத்தைத் தொட்டுவிட்டு வருகிறார்கள்.

இந்த வருடம் ஒன்று கூட்டினார். "மகளைக் கோயிலுக்குக் குடுத்தன். மூத்தவனை இந்தக் கடற்கரைக்குக் குடுக்கிறன்."

கைதட்டினார்கள். பாதரைக் கூப்பிட்டு, "இவனை மந்திரிச்சு விடுங்கோ" என்றார். பாதருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. என் தலையில் கை வைத்தார். ஓட்டக்காரருக்குத் தெளித்த தீர்த்தத்தில் மிச்சத்தை என்னில் தெளித்தார். காதுக்குள் போனது.

பின்னேரம் கம்பஸ் விசயத்தைச் சொன்னேன். அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கேட்டார். கெட்டிக்காரன் என்றார். பிறகு, "குடுத்ததை எப்பிடி மோனை திருப்பி எடுக்கிறது? ஊர் பார்த்துக்கொண்டு நிண்டது" என்றார்.

நான் சொல்லும்போது எழுது என்றேனே. இப்போது சொல்கிறேன்.

கடல் சத்தத்தில் இதற்குமேல் யோசிக்க வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணா


ஹற்றன்
29.08.2024

அன்பின் அண்ணாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். ஒரு மாதம் தியானத்தில் இருந்தோம். பேசுவதில்லை, எழுதுவதில்லை. அதனால்தான் தாமதம். தடிமனும் தும்மலும் வந்து மாறிவிட்டது. உங்கள் காதில் தீர்த்தம் போனதை மதர் வாசித்துச் சிரித்தார்.

இங்கே மழை. உடுப்புக் காய்வதில்லை. அரிப்பு ஊரிலிருந்து என்னோடு வந்த அஞ்சலா வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுடைய அப்பா ஓட்டோவில் வந்து வாசலில் நின்றார். ஏசவில்லை. பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, "சாப்பிட்டனியே?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றோம். அடுத்த நாள் சாப்பாட்டு மேசையில் கதிரைகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள், இடைவெளி தெரியாமல்.

அப்பாவுக்காகச் செபிக்கிறேன். உங்களுக்காகவும்.

மாதாவின் காவலில் உங்களை விட்டு,

மதுஷிகா


தாழ்வுபாடு
11.09.2024

அன்பின் மதுஷிகா,

நாங்கள் சுகம் என்று எழுதித்தான் தொடங்கவேண்டும். எழுதிவிட்டேன்.

நான் கேட்டது ஒரு கடிதம். செபம் இங்கே போதுமான அளவு நடக்கிறது.

போன சனிக்கிழமை அம்மா மருந்தெடுக்கப் பட்டினத்துக்குப் போனார். பஸ் நிலையத்துக்கு முன்னால் கழுதைகள் நிற்குமே, அதில் ஒன்றுக்குப் பெடியள் ரீசேட் மாட்டிவிட்டிருந்தார்கள். போன வருடத்து நீலம். முன்னங்கால்களைக் கைகளுக்குள்ளால் விட்டு, கச்சிதமாக. நெஞ்சில் தம்பி.

அம்மா கத்தவில்லை. அதற்குப் பின்னால் நடந்தார். கழுதை கடைத்தெருவால் போனது, அம்மாவும் போனார். மரக்கறிக் கடையடியில் நின்றது, அம்மாவும் நின்றார். ஓட்டோக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். "நிதியத்துக்குப் புது ஆள் சேர்ந்திட்டார்" என்று ஒருவன் சொன்னானாம். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். ஓட்டோக்கார நஸார் நானாதான் கழுதையைப் பிடித்து ரீசேட்டைக் கழற்றினார். கடைக்குழாயில் கழுவி, பிழிந்து, மடித்து, அம்மாவையும் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார். காசு வாங்கவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை.

அதோடு அம்மா தொடங்கிவிட்டார். கிழிந்த ரீசேட்டுகளைச் சேர்க்கிறார். வள்ளங்களில் எண்ணெய் துடைக்கிறார்கள், ஐஸ் பெட்டி மூடுகிறார்கள், வாசலில் கால்மிதியாகப் போடுகிறார்கள். ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்கிறார். பக்கத்து வீட்டுப் பெற்றிசியா அன்ரியும் கூட்டு. பூசை முடிந்த கையோடு அன்ரி பெண்களிடம் சொன்னாராம், "மந்திரிச்ச சாமானை அப்பிடித் துடைக்கப் பாவிக்கேலாது பிள்ளையள். கிழிஞ்சா எரிக்கோணும், இல்லாட்டி மண்ணுக்குள்ளை தாக்கோணும். குருத்தோலை மாதிரித்தான்." அவ்வளவுதான். பயந்துபோய் ஊர் முழுக்க எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறது.

அப்பாவுக்கு இந்தச் சிக்கல் விளங்கவேயில்லை. தீர்த்தம் பிள்ளைகளைக் காப்பாற்றும் என்றுதான் தெளிப்பித்தார். தெளித்த பிறகு அதை எறிய முடியாது என்பதை யோசிக்கவில்லை.

அம்மா கழுவுகிறார். கொடியில் காயப்போடுகிறார். சோளகத்தில் தம்பி ஊதிப் பெருத்து ஆடுகிறான்.

எழுதுவாயா, மாட்டாயா?

அண்ணா


தாழ்வுபாடு
02.10.2024

மதுஷிகா,

சுகம் கேட்டு எழுத முதல் உன் பதிலைப் பார்த்தேன். வரவில்லை. இருந்தாலும் சுகமாக இரு.

வந்தாறுமூலை கிடைத்துவிட்டது. பதிவு செய்துவிட்டேன். தை மாதம் தொடக்கம். அந்தத் திகதிக்குப் போகாவிட்டால் இடம் இல்லை. மூன்றாம் தடவை பரீட்சை எழுத என்னால் முடியாது.

ரீசேட்டுகள் அலுமாரியை நிரப்பி, உன் கட்டிலை நிரப்பி, இப்போது என் அறைக்கு வந்துவிட்டன. நான் நிலத்தில் படுக்கிறேன். எரிப்போம் என்றேன். அம்மா, "முகத்தையோ?" என்றார். மண்ணில் தாழ்ப்போம் என்றேன். அப்பா, "குழி வெட்டினா ஆளும் இல்லையெண்டாகிடும். கரைக்குத் திரும்பாமல் கடலோடை போனவனுக்குக் குழி வேண்டாம்" என்றார். இரண்டு பேரும் சொல்வது சரிதான். இரண்டுக்கும் நடுவில் நான் படுக்க இடமில்லை.

அப்பாவோடு சண்டை பிடிக்கவும் முடியாது. அவர் கத்தினால் நானும் கத்தலாம். காலையில் தேத்தண்ணியைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டு, "பிள்ளையள் வந்திட்டுதுகள், கோச்" என்கிறார். பகிடியாக. எழும்பிப் போகிறேன்.

யோசித்துப் பார்த்தேன். தீர்த்தம் என்னிலும் தெளித்ததுதானே. என்னையும் வேறெதற்கும் பாவிக்க முடியாது.

அண்ணா


ஹற்றன்
14.10.2024

அன்பின் அண்ணாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நான் சுகம்.

அப்பாவுக்கு எழுதிவிட்டேன். இன்று இரண்டு கடிதங்களும் ஒன்றாகப் போகின்றன. அவருக்கு என்ன எழுதினேன் என்று கேட்கவேண்டாம். மதர் அதை இரண்டு தடவை வாசித்தார். என்னைக் கூப்பிட்டு, "இது உம்முடைய மனச்சம்மதத்தோட எழுதினதோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

என் கட்டிலை ரீசேட்டுக்கே விடுங்கள். உங்கள் அறையைக் காலியாக்கி நீங்கள் படுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

மதுஷிகா


தாழ்வுபாடு
05.11.2024

அன்பின் மதுஷிகா,

வாடை தொடங்கி மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. அம்மாவும் அப்பாவும் சுகம். இதை இந்தமுறை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அப்பா கரையில் இருந்து வாசித்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அம்மா உடுப்புக் கழுவும்போது எடுத்து வாசித்திருக்கிறார்.

போன சனிக்கிழமை, இறந்தவர்களுக்கான ஆத்துமாக்கள் நாள். சேமக்காலையில் எல்லாக் கல்லறைக்கும் வெள்ளை அடித்து மெழுகுதிரி கொளுத்தியிருந்தார்கள். அம்மா என்னிடம் மண்வெட்டியைத் தந்து அப்பப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் வெட்டச் சொன்னார். ஈர மணல், இலேசாக வந்தது. நஸார் நானாவின் ஓட்டோவில் ரீசேட்டுகள் வந்தன. பல முறை ஓடினார். அவற்றை அள்ளி உள்ளே போட்டோம்.

பாதர் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வந்து எங்கள் குழியடியில் நின்றார். அதற்குள் யாரோ அப்பாவுக்குச் சொல்லிவிட்டார்கள். கடற்கரையிலிருந்து நேரே வந்தார், கால் முழுக்க மணலோடு.

"மாக்கிறட், இதென்ன?" என்றார் அம்மாவிடம்.

"மந்திரிச்சது கிழிஞ்சாத் தாக்கிறது வழக்கம். பாதரைக் கேளுங்கோ."

பாதர் தலையை ஆட்டினார். அப்பா என்னைப் பார்த்தார், மண்வெட்டியைப் பார்த்தார். அப்போதுதான் அம்மா அதைச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. சுற்றி நின்ற சனம் மெழுகுதிரியை மறந்து கேட்டது.

"இவனுக்கும் தீர்த்தம் தெளிச்சதுதானே. இவனும் கிழிஞ்சுபோனான். இவனையும் இதுக்குள்ளை போடுறதோ, கம்பஸுக்கு விடுறதோ, இப்ப சொல்லுங்கோ."

அப்பா குழிக்குள் இறங்கினார். மறித்து நிற்கப் போகிறார் என்று நினைத்தேன். "முகம் குப்புறக் கிடக்கு" என்றார். குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து, முகம் மேலே வரும்படி திருப்பி, தோளோடு தோள் வைத்து அடுக்கினார். நீலம், பச்சை, சிவப்பு. மழை தூறியது. யாரும் போகவில்லை. அடுக்கி முடித்து, என் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். "மண்ணைப் போடு" என்றார்.

அடுத்த நாள் தேத்தண்ணி வைக்கும்போது, "எப்ப போகோணும்?" என்று கேட்டார். நான் சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது.

பிறகு அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு உன் கடிதத்தில் இருந்ததைச் சொன்னார். ஒரு வீட்டிலிருந்து ஒருத்தியைக் கொடுத்தால் போதும், அண்ணாவை விடுங்கள், நான் கடைசிவரை இங்கேயே நிற்பேன் என்று எழுதியிருந்தாயாம். "கேட்டு எழுதேல்லை, பேரம் பேசியிருக்கிறாள்" என்றார் அம்மா. "அவள் திரும்பி வர இருந்தவள். உனக்கு விளங்கேல்லையே?"

மதுஷிகா, வீட்டுக்கு வர இருந்தாயா? கட்டிலைக் கேட்டது அதற்காகவா? மதர் வாசித்தாலும் பரவாயில்லை. எனக்குப் பதில் எழுது.

உன் அண்ணா
நிறோஜன்


ஹற்றன்
25.11.2024

அன்பின் அண்ணாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் நன்றி சொல்கிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

சேமக்காலையில் நடந்ததை வாசித்தேன். அப்பா மழையில் நனைந்திருப்பார். இருமல் இருந்தால் கைமருந்தோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

மாசி இரண்டாம் திகதி எனக்கு முதல் துறவற வார்த்தைப்பாடு. வீட்டார் வரலாம். அம்மாவுக்கு முன் வரிசையில் இடம் வைப்பார்கள். வரும்போது கருவாடு கொண்டுவாருங்கள், மதருக்குப் பாரைக் கருவாடு விருப்பம்.

தேயிலைக்குள் பிள்ளைகள் இன்னும் அதே ரீசேட்டோடுதான் ஓடுகிறார்கள். நிறம் கொஞ்சம் மங்கியிருக்கிறது.

நன்றாகப் படியுங்கள். லீவுக்கு வீட்டுக்குப் போங்கள். என்னைப் பற்றிக் கேட்டால் சந்தோசமாக இருக்கிறாள் என்று சொல்லுங்கள்.

மதுஷிகா


வந்தாறுமூலை
19.01.2025

அன்பின் மதுஷிகா,

நான் வந்துசேர்ந்துவிட்டேன். சாப்பாடு உறைப்பு, ஆனால் சுகம். வீட்டில் அப்பாவே இப்போது விசில் ஊதுகிறாராம். பிள்ளைகளோடு தானும் ஓடுகிறாராம். அம்மா தொலைபேசியில் சொன்னார். இருமல் இல்லை.

நீ என் கேள்விக்குப் பதில் எழுதவில்லை. கருவாட்டைப் பற்றி எழுதினாய். மாசி இரண்டுக்கு வருகிறேன். வாசலில் வைத்துக் கேட்பேன். ஓம் என்றோ இல்லையென்றோ சொன்னால் போதும். பெட்டியை நான் தூக்குவேன்.

புறப்பட்ட அன்று அப்பா பஸ் நிலையத்துக்கு வந்தார். ஒரு புதுக் கட்டைத் தானே தூக்கி வந்து பஸ்சுக்குள் ஏற்றினார். "அங்கையும் கடல் இருக்குத்தானே. பிள்ளையளும் இருக்குங்கள். பின்னேரத்திலை கொஞ்சநேரம் போதும். நீ தொடங்கி விடு, மோனை." அதைக் கேட்கவா என்னை விட்டார் என்று கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. வெளிக்கிடும் மகனுக்குக் கொடுக்க அவரிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

பஸ் புறப்படும்போது அம்மா யன்னலடிக்கு வந்தார். "இது மந்திரிக்கேல்லை" என்றார், மெதுவாக. "கோயிலுக்குக் கொண்டுபோகச் சொன்னவர். நான் சந்தியாலை திரும்பி வந்திட்டன்."

அவ்வளவுதான் சொன்னார். வழி முழுக்க அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். எறியலாம். யாருக்காவது கொடுக்கலாம். துடைக்கலாம். வெறும் துணி.

விடுதி அறையில் என்னோடு இருப்பவன் பார்த்தீபன். பாப்பாமோட்டைக்காரன், வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை. நல்லவன். நேற்று மழையில் கூரை ஒழுகி அறைக்குள் தண்ணீர். துடைக்கத் துணி தேடினான். கட்டைக் காட்டி, "அதிலை ஒண்டை எடு" என்றேன். எவ்வளவு இலேசாகச் சொன்னேன் தெரியுமா. கயிற்றை அறுத்து, ஒன்றை எடுத்து, நிலத்தில் போட்டுக் காலால் இழுத்துத் துடைத்தான். நான் கட்டிலில் இருந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் வற்றியது. மூச்சு ஆறுதலாக வந்தது, நீண்ட நாளைக்குப் பிறகு.

பிழியும்போது படத்தைப் பார்த்துவிட்டான்.

"ஆரடா இந்தப் பெடியன்? உன்ரை சாயல்."

"தம்பி."

"இப்ப என்ன செய்யிறான்?"

எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத சொல். அதைச் சொன்னால் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

"செத்துப்போனான்."

பார்த்தீபன், "முதலே சொல்லியிருக்கலாமெல்லே மச்சான்" என்றான். வாளியில் நல்ல தண்ணீர் பிடித்துவந்து அலசினான். காற்றாடிக்குக் கீழே பிடித்துக் காயவைத்தான். முகம் வெளியே தெரியும்படி மடித்து, தன் மேசையில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் வைத்தான். மற்ற ரீசேட்டுகளையும் கட்டோடு எடுத்து, கால்படாத உயரத்தில் அலுமாரிக்கு மேலே ஏற்றினான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் கண் கலங்கியிருந்தது.

காலையில் நான் எழும்பும்போது ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. இரண்டு படங்களுக்கும் சேர்த்து ஒன்று.

இனி இந்த அறையில்தான் நான்கு வருடம்.

மாசி இரண்டுக்கு என்னைப் பார். நீ சுகமாக இருக்கவேண்டும் என்பதுதான் இங்கிருந்தும் என் நினைப்பு.

அண்ணா
நிறோஜன்